ஃபேன் சுற்றுது, நிக்குது, மறுபடி சுற்றுது. டிஸ்ப்ளே வரலை – பட்டறை கம்ப்யூட்டர்

டைல்ஸ் பட்டறை, ஆத்தங்குடி

வணக்கம். பட்டறையில் பில் போடும் டெஸ்க்டாப் இது. பவர் பட்டனை அமுக்கினால் சிபியு ஃபேன் இரண்டு மூன்று செகண்ட் சுற்றி நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் பட்டனைத் தொடாமலே மறுபடி சுற்றுகிறது, மறுபடி நிற்கிறது. ப்ளக்கைப் பிடுங்கும் வரை இதேதான். பீப் சத்தம் இல்லை. மானிட்டரில் 'நோ சிக்னல்'.

மெஷின் விவரம்: இன்டெல் ஐ3 4ஆம் தலைமுறை, எச்81 மதர்போர்டு, டிடிஆர்3 ராம் 4 ஜிபி இரண்டு, விண்டோஸ் 120 ஜிபி எஸ்எஸ்டியில், டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்) டேட்டா 500 ஜிபி ஹார்ட் டிஸ்கில். எஸ்எம்பிஎஸ் (எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி) கேபினெட்டோடு வந்தது, 450 வாட் என்று ஸ்டிக்கர். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. வீட்டு இன்வெர்ட்டர் லைனில்தான் ஓடுகிறது.

இதற்கு முன்பே மூன்று அறிகுறி இருந்தது. கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும்போது கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். தேதியும் பழைய வருஷத்துக்குப் போய்விடும். கேபினெட்டைத் தொட்டால் விரலில் லேசாக 'சுர்'ரென்று இருக்கும். இப்போது மழை நேரத்தில் கரண்ட் போய் வந்த பிறகு அடியோடு எழும்பவில்லை.

மதர்போர்டு போயிருக்கும், மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றுவதற்கு முன்னால் என்னென்ன பார்க்கலாம்? மல்டிமீட்டர் இருக்கிறது. டேலி டேட்டா பத்திரமாக வேண்டும், அதுதான் முக்கியம்.

சர்வீஸ் பெஞ்ச், காரைக்குடி

அண்ணே, முதல் வேலையா ப்ளக்கைப் பிடுங்கிடுங்க. இந்தச் சுற்று ஓடிக்கிட்டே இருக்க விடாதீங்க. ஒவ்வொரு தடவையும் ஹார்ட் டிஸ்க் மோட்டார் கிளம்பிக் கிளம்பி நிக்கும். டேட்டா அதுலதான் இருக்குன்னு சொல்றீங்க. கேபினெட்டைத் திறந்ததும் எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க் ரெண்டுக்கும் போற பவர் ஒயரையும் சாட்டா (டேட்டா) கேபிளையும் கழட்டி ஓரமா வெச்சிடுங்க. போர்டு போனாலும் எஸ்எம்பிஎஸ் போனாலும் டிஸ்க் தனிப் பொருள். அதை வேற மெஷின்ல மாட்டினா டேட்டா வந்துடும்.

அடுத்து, ஃபேன் சுற்றுதுன்னா பவர் பட்டன் வேலை செய்யுது, போர்டு பச்சை ஒயர் (ஆன் ஆகச் சொல்ற ஒயர்) வழியா எஸ்எம்பிஎஸ்ஸை எழுப்புது. எழும்பின பிறகு ஏதோ ஒண்ணு பிடிக்காம விட்டுடுது. அது ராமா இருக்கலாம், சிபியுக்கு 12 வோல்ட் போற பாதையா இருக்கலாம், எஸ்எம்பிஎஸ்ஸே லோடு தாங்காம சாயலாம், எங்கயாவது ஷார்ட் இருக்கலாம். மதர்போர்டு இந்த வரிசையில கடைசி. ஆளைக் கேட்டு மாத்துறதை விட அளந்து பார்த்து மாத்துங்க.

எல்லாத்தையும் கழட்டிட்டு போர்டு, சிபியு, சிபியு ஃபேன், ஒரே ஒரு ராம் மட்டும் வெச்சுப் பாருங்க. முன்பக்க யூஎஸ்பி ஒயரையும் கழட்டணும். அதுல ஒரு பின் வளைஞ்சு ஷார்ட் ஆனாலே இதே மாதிரி வரும். ராமைக் கழட்டி அதோட தங்கநிறப் பட்டையை வெள்ளை ரப்பரால மெதுவாத் தேய்ச்சு, ரப்பர் தூளைப் பிரஷ்ஷால தட்டிட்டுப் போடுங்க. ரெண்டு ராமையும் ரெண்டு சிலாட்டுலயும் மாத்தி மாத்திப் பார்க்கணும், ஒரு தடவை பார்த்துட்டு விடக்கூடாது.

அதுக்கும் மசியலேன்னா ராமையே போடாம ஆன் பண்ணுங்க. போர்டுல ஸ்பீக்கர் பின் நாலு இருக்கும், அதுல சின்ன பஸ்ஸர் ஒண்ணு செருகணும். உங்களுக்கு பீப் வராததுக்குப் பஸ்ஸர் இல்லாததே காரணமா இருக்கலாம். ராம் இல்லாம ஆன் பண்ணி பீப் விட்டு விட்டுக் கேட்டா சிபியு உயிரோட இருக்கு, பயாஸ் (ஆன் ஆனதும் போர்டு முதல்ல ஓட்டுற புரோகிராம்) ஓடுதுன்னு அர்த்தம். அங்கயே பாதிப் பயம் போயிடும்.

கடைசியா சிபியு பக்கத்துல இருக்கிற 4 பின் சதுர கனெக்டரை மட்டும் கழட்டிட்டு ஆன் பண்ணுங்க. டிஸ்ப்ளே வராது, வரவும் வேண்டாம். ஃபேன் நிக்காம சுற்றுதா, பழையபடி நின்னு நின்னு சுற்றுதா, அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்க.

எஸ்எம்பிஎஸ்ஸை அளக்க: 24 பின் கனெக்டரைப் போர்டுல இருந்து எடுத்துட்டு ப்ளக் போட்டா ஊதா ஒயர்ல 5 வோல்ட் எப்பவும் இருக்கணும். பிறகு பச்சை ஒயரைப் பக்கத்துக் கறுப்போட ஒரு கம்பித் துண்டால சேர்த்தா எஸ்எம்பிஎஸ் ஓடும். மஞ்சள் 11.4க்கும் 12.6க்கும் நடுவுல, சிவப்பு 4.75 – 5.25, ஆரஞ்சு 3.14 – 3.47. சும்மா ஓட்டினா நல்ல அளவு காட்டிட்டு லோடு வந்ததும் விழுற எஸ்எம்பிஎஸ் நிறைய. அதனால கேபினெட் ஃபேன் ஒண்ணாவது அதுல மாட்டி அளங்க. எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். உள்ளே பெரிய கெபாசிட்டர்ல 325 வோல்ட் வரைக்கும் டிசி நிக்கும், ப்ளக் பிடுங்கின பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும்.

வயரிங், பள்ளத்தூர்

கேபினெட்டில் 'சுர்' அடிப்பதைச் சாதாரணமாக எழுதிவிட்டீர்கள். இந்தப் பேச்சில் எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவில் பேஸிலிருந்து ஒரு சிறு கெபாசிட்டரும் நியூட்ரலிலிருந்து ஒன்றும் எடுத்து, இரண்டையும் தகரப் பெட்டியோடு, அதாவது எர்த்தோடு சேர்த்திருப்பார்கள். எர்த் ஒழுங்காக இருந்தால் அந்த நுண்ணிய கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் கேபினெட் 230இல் பாதியில், சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். கரண்ட் அளவு குறைவு என்பதால் 'சுர்' என்பதோடு நிற்கிறது. ஆனால் இடி மின்னல் நேரத்தில் லைனில் வரும் சர்ஜுக்குப் போக வழியில்லாமல் யூஎஸ்பி, லேன், பிரிண்டர் கேபிள் என்று கிடைத்த பக்கம் பாயும். போர்டு சாகும் வழி அது.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் மரச்சட்டத்தின் மேல் இரண்டு ஒயர் மட்டும் ஓடும் வயரிங் இன்னும் இருக்கிறது. வளவில், பட்டாலையில் புதிதாக 3 பின் பிளக் பாயிண்ட் வைத்திருப்பார்கள். மேல் துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. சுண்ணாம்புப் பூச்சுச் சுவரை வெட்ட யாருக்கும் மனம் வராது, சரிதான். வெட்டவும் வேண்டாம். அதே சட்டத்தின் ஓரமாக 2.5 சதுர மில்லிமீட்டர் பச்சை ஒயரை ஓட்டி எர்த் குழிக்குக் கொண்டுபோகலாம்.

அந்த பிளக் பாயிண்டில் மீட்டரை ஏசியில் வைத்து மூன்று அளவு எடுங்கள். பேஸ் – நியூட்ரல் 230 சுமாருக்கு. பேஸ் – எர்த் அதே அளவு வரவேண்டும். நியூட்ரல் – எர்த் இரண்டு மூன்று வோல்ட்டைத் தாண்டக் கூடாது. பேஸ் – எர்த்தில் 60, 90, 120 என்று ஆடிக்கொண்டே இருந்தால் எர்த் தொங்கிக்கொண்டிருக்கிறது. எர்த் துளையை நியூட்ரலோடு ஒட்டுப் போட்டுக் கொடுக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. ஒத்துக்கொள்ளவே ஒத்துக்கொள்ளாதீர்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் கேபினெட்டில் முழு 230 ஏறி நிற்கும், ஆளைக் கொல்லும்.

டைல்ஸ் பட்டறை, ஆத்தங்குடி

இரண்டு பேருக்கும் நன்றி. சொன்ன வரிசையில் பார்த்தேன்.

ராம் மாற்றிப் போட்டதில் வித்தியாசம் இல்லை. பஸ்ஸர் போட்டு, ராம் இல்லாமல் ஆன் செய்தால் அரைகுறையாக ஒரு பீப் தொடங்கி, முடிவதற்குள் நின்றுவிடுகிறது. 4 பின் கனெக்டரைக் கழட்டினால் ஃபேன் நிற்காமல் சுற்றுகிறது.

எஸ்எம்பிஎஸ் தனியாக: ஊதா 4.97, மஞ்சள் 12.2, சிவப்பு 5.1, ஆரஞ்சு 3.3. போர்டில் எல்லாம் மாட்டி, மஞ்சளில் மீட்டர் முனையை வைத்துக்கொண்டே ஆன் செய்தால் 10.7 வரை இறங்கி அணைகிறது.

எர்த்: பேஸ் – நியூட்ரல் 228. பேஸ் – எர்த் 70க்கும் 110க்கும் நடுவே ஆடுகிறது.

சர்வீஸ் பெஞ்ச், காரைக்குடி

அளவு கச்சிதமா இருக்கு. அந்த அரைகுறை பீப் நல்ல சேதி. சிபியு கிளம்பி பயாஸ் ஓட ஆரம்பிச்சிருக்கு, பாதியில கரண்ட் காலை வாருது.

4 பின்னைக் கழட்டினா ஃபேன் நிக்காம சுற்றுதுன்னா, சிபியு பக்கம் 12 வோல்ட் இழுக்கும்போதுதான் விழுது. இன்னும் ஒரே ஒரு சந்தேகம்தான் பாக்கி: 12 வோல்ட் எஸ்எம்பிஎஸ் பலவீனத்தால சாயுதா, இல்ல போர்டுல சிபியு பக்கத்து மாஸ்ஃபெட் (12 வோல்ட்டைச் சிபியுக்குக் குறைச்சுக் கொடுக்கிற சில்லு) ஷார்ட் ஆகி இழுக்குதா. ப்ளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து செகண்ட் அமுக்கிப் பிடிச்சு மிச்சத்தை வடிய விடுங்க. மீட்டரை ஓம்ஸ்ல வெச்சு, போர்டுல இருக்கிற 4 பின் சாக்கெட்டுல மஞ்சள் ஒயர் வர்ற பின்னுக்கும் கறுப்பு வர்ற பின்னுக்கும் நடுவுல அளங்க. ஒண்ணு ரெண்டு ஓம்ஸ்லயே நின்னா போர்டுல ஷார்ட். குறைவாத் தொடங்கி மெதுவா ஏறி நூறுகளுக்கோ ஆயிரங்களுக்கோ போனா கெபாசிட்டர் சார்ஜ் ஆகுது, அந்தப் பக்கம் சுத்தம்.

என் கணிப்பு எஸ்எம்பிஎஸ்தான். மாஸ்ஃபெட் முழு ஷார்ட்டா இருந்தா மஞ்சள் 10.7க்கு நிதானமா இறங்காது. மீட்டர் கண்ணு திறக்கிறதுக்குள்ள அணைஞ்சிருக்கும். சாதா மீட்டர் வேகம் குறைஞ்சது, நிஜத்துல 10.7க்கும் கீழே போயிருக்கும். தவிர இன்வெர்ட்டர் மாறும்போது ரீஸ்டார்ட் ஆகுதுன்னு நீங்க சொன்னதும் எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கிற பெரிய கெபாசிட்டரைத்தான் காட்டுது. கரண்ட் நின்னாலும் நல்ல எஸ்எம்பிஎஸ் 16, 17 மில்லி செகண்ட் தம் கட்டணும். உள்ளே கெபாசிட்டர் காய்ஞ்சு போனா அந்தத் தம் இருக்காது.

அதுக்குள்ள போர்டுல சிபியு சுத்தி நிக்கிற உருளைக் கெபாசிட்டர்களோட தலையையும் பாருங்க. தட்டையா இருக்கணும். உப்பியிருந்தா, பழுப்புக் கசிவு இருந்தா எழுதுங்க.

12வோல்ட், தேவகோட்டை

எஸ்எம்பிஎஸ் மாற்றுவதாக இருந்தால் ஒரு விஷயம். பழைய பெட்டியின் ஸ்டிக்கரில் 450 என்ற எண்ணை விட்டுவிட்டு +12வி என்ற கட்டத்தைப் பாருங்கள். கேபினெட்டோடு வரும் பெட்டிகளில் அங்கே 12 ஆம்பியர், 14 ஆம்பியர் என்று இருக்கும். 12ஐ 12ஆல் பெருக்கினால் 144 வாட்தான். இந்த மெஷினுக்கு அதுவே போதும். ஐ3 4ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிபியு 54 வாட் வகை. ஆனால் எழுதியிருக்கும் 144ஐயும் பழசான பிறகு அது கொடுக்காது. புதிது வாங்கும்போது 12 வோல்ட்டில் 25 ஆம்பியருக்கு மேல் உள்ள, 80 பிளஸ் (மின்சாரத்தை வீணாக்காத திறன்) சான்று பெற்ற, கையில் தூக்கினால் கனம் தெரியும் பெட்டியாக வாங்குங்கள்.

இன்வெர்ட்டரையும் கவனியுங்கள். பின்பக்கம் சின்ன சுவிட்ச் இருக்கும், யூபிஎஸ் மோட் என்றும் நார்மல் மோட் என்றும். நார்மலில் வைத்தால் மாறுவதற்கு 40 மில்லி செகண்ட் வரை ஆகலாம். எந்த எஸ்எம்பிஎஸ்ஸும் அதைத் தாங்கும் என்று சொல்ல முடியாது. யூபிஎஸ் மோடில் சுமார் 10தான். அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரா என்றும் பாருங்கள். மெயின்ஸில் 230 வோல்ட்டின் உச்சி 325. எஸ்எம்பிஎஸ் கெபாசிட்டர் அந்த உச்சிக்கு நிரம்பும். ஸ்கொயர் வேவில் உச்சியே 230தான். சேமிப்பு வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் கெபாசிட்டரில் இருக்கும் சரக்கு பாதியாகிவிடும். பேட்டரியில் ஓடும்போது லேசான ஆட்டத்துக்கே ரீஸ்டார்ட் ஆவது இதனால்தான். கம்ப்யூட்டருக்கு மட்டும் தனியாக 600 விஏ யூபிஎஸ் ஒன்று வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. அதைச் சைன் வேவ் இன்வெர்ட்டர் லைனிலோ நேர் மெயின்ஸிலோ மாட்டுங்கள், ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டருக்குப் பின்னால் மாட்டாதீர்கள். அதன் அலையைக் கோளாறான மெயின்ஸ் என்று நினைத்து யூபிஎஸ் தன் பேட்டரிக்குத் தாவிவிடும்.

டைல்ஸ் பட்டறை, ஆத்தங்குடி

ஓம்ஸ் மெதுவாக ஏறி இரண்டாயிரத்தைத் தாண்டியது. கெபாசிட்டர் தலைகள் தட்டைதான். எஸ்எம்பிஎஸ் மாற்றியாயிற்று; மஞ்சள் 12.08இல் ஆடாமல் நிற்கிறது. டிஸ்ப்ளே வந்துவிட்டது! பஸ்ஸர் ஒரே ஒரு பீப். டிஸ்க் இரண்டையும் மாட்டினேன். இப்போது லோகோவுக்குப் பிறகு கறுப்புத் திரையில் 'ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்' என்று நிற்கிறது. விண்டோஸ் போய்விட்டதா?

சர்வீஸ் பெஞ்ச், காரைக்குடி

போகலை. யாராவது விண்டோஸ் திரும்பப் போடணும்னு சொன்னா டிஸ்க்கைத் தொட விடாதீங்க.

தேதி பழைய வருஷத்துக்குப் போகுதுன்னு முதல்லயே எழுதியிருந்தீங்க. அது சிமோஸ் பேட்டரி (தேதியையும் பயாஸ் செட்டிங்கையும் காப்பாத்துற சின்ன பேட்டரி) செத்துப்போன அறிகுறி. ப்ளக்கைப் பிடுங்கினதும் பயாஸ் தன் செட்டிங்கையெல்லாம் மறந்து ஃபேக்டரி அளவுக்குப் போயிடுச்சு. போர்டுல வட்டமா இருக்கிற சிஆர்2032 பேட்டரி, புதுசுல 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல காட்டும். 2.8க்குக் கீழன்னா மாத்திடுங்க. எழுத்து உள்ள பக்கம் மேலே.

பேட்டரி மாத்தினதும் ஆன் பண்ணி டெலீட் கீயை விடாம தட்டி பயாஸுக்குள்ள போங்க. தேதி, நேரத்தைச் சரி பண்ணுங்க. தேதி தப்பா இருந்தா டேலில பில் தேதியும் குழம்பும், பேங்க் வெப்சைட்டும் திறக்காது. பிறகு சாட்டா பட்டியல்ல எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க் ரெண்டு பேரும் தெரியுதான்னு பாருங்க. தெரியலேன்னா கேபிளை வேற சாட்டா போர்ட்டுக்கு மாத்துங்க.

ரெண்டும் தெரிஞ்சா, பூட் பக்கத்துல தடுக்கி விழுற இடம் ஒண்ணு இருக்கு. இந்த எச்81 காலத்து போர்டு பலதுல பூட் ஆப்ஷன் பட்டியல்ல ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க் பேர்தான் தெரியும். அது உங்க 500 ஜிபியா இருக்கும். எஸ்எஸ்டி பேரே அங்க இல்லையேன்னு ஆளுங்க பதறிடுவாங்க. அதே பக்கத்துல கீழே 'ஹார்ட் டிரைவ் பிபிஎஸ் ப்ரயாரிட்டீஸ்'னு தனியா ஒரு உள்வழி இருக்கும். அதுக்குள்ள போய் எஸ்எஸ்டியை முதலாவதா ஏத்திட்டு, வெளியே வந்து பூட் ஆப்ஷன் 1ல அதையே வெச்சு, எஃப்10 அமுக்கி சேவ் பண்ணுங்க.

அதுக்குப் பிறகு விண்டோஸ் லோகோ வந்து நீலத்திரையில 'இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்'னு நின்னா சாட்டா மோட் (போர்டு டிஸ்க்கோட பேசுற முறை) மாறியிருக்கு. ஏஎச்சிஐ இருந்தா ஐடிஇ, ஐடிஇ இருந்தா ஏஎச்சிஐ போட்டுப் பாருங்க. எந்த மாதிரியில விண்டோஸ் போட்டாங்களோ அந்த மாதிரியிலதான் அது எழும்பும். லோகோவே வரலேன்னா சிஎஸ்எம் (பழைய முறை பூட்டுக்கு இடம் கொடுக்கிற) செட்டிங்கை மாத்திப் பார்க்கணும். பழைய லெகசி முறையில போட்ட விண்டோஸ், சிஎஸ்எம் அணைஞ்சிருந்தா கண்ணுக்கே தெரியாது.

இதைப் படிக்கிற மத்தவங்களுக்கு: உங்க மெஷின் புதுசா இருந்து பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) போட்டிருந்தா, பயாஸ் அழிஞ்ச பிறகு 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கலாம். அது கையில இருக்கான்னு பார்த்துட்டுப் பேட்டரியைத் தொடுங்க.

12வோல்ட், தேவகோட்டை

கேபினெட் திறந்திருக்கும்போதே தூசியையும் முடித்துவிடுங்கள். டைல்ஸ் பட்டறைத் தூசி வீட்டுத் தூசி மாதிரி இல்லை. சிமெண்டுத் தூள் மழைக்காலத்து ஈரத்தை இழுத்துக்கொண்டு ஹீட்சிங்க் இடுக்கில் கெட்டியாகிவிடும். ஈரமானால் காரத்தன்மையோடு கரண்டையும் கொஞ்சம் கடத்தும். அதனால் ஈரத்துணி கூடவே கூடாது. புளோயரால் ஊதுங்கள், ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு. மிச்சத்தை உலர்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டுங்கள். ஒட்டிக்கொண்டு வராத இடத்தில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், 99 சதவீதம் உள்ளது.

கலர் தூளில் கறுப்பு ஆக்சைடு மட்டும் தனி ரகம். காந்தத்தில் ஒட்டும் இரும்பு ஆக்சைடு அது. ஃபேன் நடுவில் இருக்கும் காந்தத்தில் போய்ப் பற்றிக்கொண்டு அச்சை இறுக்கும். சிபியு ஃபேனைக் கையால் சுண்டிவிட்டால் சில சுற்றாவது தானாகச் சுற்றவேண்டும், கரகரவென்று நின்றால் மாற்றிவிடுங்கள். ஹீட்சிங்க்கைக் கழட்டினால் பழைய பேஸ்ட் பொடியாக வரும். துடைத்துவிட்டு அரிசி அளவு புதுப் பேஸ்ட்.

கேபினெட்டைத் தரையிலிருந்து ஒன்றரை அடியாவது தூக்கி வையுங்கள், கலவை போடும் இடத்துக்கும் கலர் சலிக்கும் இடத்துக்கும் எதிர்ப்பக்கமாக. துண்டு போட்டு மூடுவது ஆஃப் செய்த பிறகு மட்டும். எஸ்எம்பிஎஸ் பின்புற ஓட்டை வழியாகப் பல்லி போவதும் நம் பக்கத்தில் நடப்பதுதான். கார்டு கழட்டி மூடாமல் விட்ட சந்துகளையாவது தகடு வைத்து அடையுங்கள்.

டைல்ஸ் பட்டறை, ஆத்தங்குடி

பிபிஎஸ் பக்கத்தில் எஸ்எஸ்டியை மேலே ஏற்றியதும் விண்டோஸ் வந்துவிட்டது. பேட்டரி 2.1 காட்டியது, மாற்றியாயிற்று. எர்த் ஒயர் இழுக்க ஆள் சொல்லியிருக்கிறேன். அதுவரை ஓட்டலாமா?

வயரிங், பள்ளத்தூர்

டேட்டா காப்பி எடுக்கும் வரை ஓட்டுங்கள், மின்னல் இல்லாத நேரமாகப் பார்த்து. பிறகு எர்த் வரும் வரை ப்ளக்கையும், ரூட்டரிலிருந்து வரும் லேன் ஒயரையும் சேர்த்தே பிடுங்கி வையுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. குழி போடும் ஆளிடம், வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்ற ஒரு புனல் குழாய் விடச் சொல்லுங்கள். நம் செம்மண் சித்திரையில் காய்ந்துவிட்டால் எர்த் இருந்தும் இல்லாத கணக்காகிவிடும். வேலை முடிந்ததும் முன்பு சொன்ன மூன்று அளவையும் மறுபடி எடுங்கள்.

சர்வீஸ் பெஞ்ச், காரைக்குடி

டேலி கோப்புறைக்குள்ள டேட்டான்னு ஒண்ணு இருக்கும், அதுக்குள்ள எண்ணைப் பேரா வெச்ச கோப்புறை ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒண்ணு. அதை முழுசா, டேலியை மூடிட்டு, பென் டிரைவுக்கு எடுங்க. எடுத்த காப்பியை வேற மெஷின்ல டேலில திறந்து கடைசி பில் நம்பர் தெரியுதான்னு பார்த்துடுங்க. ஹார்ட் டிஸ்க்கோட ஸ்மார்ட் அளவுல (டிஸ்க் தன் நிலைமையைத் தானே எழுதி வைக்கிற பட்டியல்) 05, சி5னு கெட்ட இடங்களைக் காட்டுற ரெண்டு வரிசையும் பூஜ்யமா இருக்கணும். சி5ல எண் ஏறியிருந்தா அந்த டிஸ்க்ல இனி கணக்கு எழுதாதீங்க.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சது. விண்டோஸ் 11க்கு இன்டெல்ல 8ஆம் தலைமுறையாவது வேணும், உங்களது 4ஆம் தலைமுறைதான். அதனால பின்னாடி இந்த போர்டு போனா இன்னொரு எச்81 தேடி அலையாதீங்க. இப்ப வாங்கின எஸ்எம்பிஎஸ்ஸும், ஏற்கெனவே இருக்கிற எஸ்எஸ்டியும் புது போர்டுக்கும் ஆகும்.